முப்பதுக்கு மேலும் எண்ணலாம்

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் அவரைத்தான் கேட்டாள். பதில் சொன்னது அவர் மனைவி. அடுத்த கேள்விக்கும் அவளே முந்திக்கொண்டாள். மூன்றாவது கேள்வியோடு அந்தப் பெண் நோட்டை மூடிவிட்டாள்.

"அக்கா, பக்கவாதம் வந்தது அவருக்கு. பேசுறதெல்லாம் நீங்க. அப்புறம் அவர் மூளைக்கு என்ன வேலை?"

பேச்சைச் சுமந்திருந்த இடம் அடிபட்டுவிட்டது, வாஸ்தவம்தான். ஆனால் பக்கத்து இடங்கள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும், யாராவது கேட்டுக்கொண்டும் காத்துக்கொண்டும் இருந்தால்தான் என்று விளக்கினாள். கேள்வி கேட்டபின் மனதுக்குள் முப்பது எண்ண வேண்டும். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது.

மனைவிக்குச் சுருக்கென்றது. நான்கு மாதமாகக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டதற்கு இதுதான் பலனா? அன்று மாலை துணி மடிக்கும்போதுதான் யோசித்தாள். சலூன் வைத்திருந்த மனிதர், வாய் ஓயாதவர். முகச்சவரத்துக்கு வந்தவர்கள் மதியச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருப்பார்கள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவளுக்கு நடுவே புகுந்து பேச இடமே கிடைத்ததில்லை. இப்போது பார்த்தால் மருந்துக்கடையில் அவர் மாதிரியே கேலி பேசுகிறாள், அவர் மாதிரியே கையை ஆட்டுகிறாள். அவர் தொலைத்ததெல்லாம் தன் நாக்கில் வந்து குடியேறிவிட்டதோ என்று பயந்துபோனாள்.

மறுநாளே அவரைச் சலூனுக்கு அழைத்துப் போனாள். அங்கே கத்தரிக்கோல் இப்போது கொழுந்தன் கையில். கழுத்தில் துணி கட்டிய ஆள் பாதிக் கிராப்போடு எழுந்து ஓட முடியாது, அவர் பேசும்வரை இருந்துதானே ஆகவேண்டும் என்பது அவள் கணக்கு. வந்து உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் விஷயத்தைச் சொல்லி, அவரிடம் ஏதாவது கேட்கச் சொன்னாள். அவர்களும் கேட்டார்கள். அவர் "அது... அது..." என்று திணறியதும் மனம் பொறுக்காமல் தாங்களே முடித்துவைத்தார்கள். ஒரு வாரம் இப்படியே போனது. அவர் கண்ணாடியைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

அதிகம் பேசாத கொழுந்தன் எட்டாம் நாள் காலை வாய் திறந்தான். "அண்ணி, எல்லார் முன்னாலயும் அண்ணன் கூனிக் குறுகிப்போறதை என்னால பார்க்க முடியல. வீட்டுலயே இருக்கட்டுமே."

இன்று ஒரு நாள் மட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்டுவிட்டாளே தவிர, தான் செய்வது நல்லதா கொடுமையா என்று அவளுக்கே தெரியவில்லை.

பதினோரு மணிக்குத் தபால்காரர் வந்தார். இருபது வருட வாடிக்கை, அடர்ந்த மீசை. அவர்கள் இருவருக்கும் பழைய விளையாட்டு ஒன்று உண்டு. மீசையை எடுத்துவிடலாமா என்று அவள் கணவர் கேட்பார். எடுத்தால் வீட்டில் ஆள் தெரியாமல் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று தபால்காரர் சொல்வார். மாதம் தவறாமல் இதே பேச்சு, மாதம் தவறாமல் இருவரும் சிரிப்பார்கள்.

தபால்காரர் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து, இன்று அவருடைய கேள்வியைத் தானே கேட்டார். "என்ன, இந்தத் தடவை மீசையை எடுத்துடலாமா?"

அவள் எண்ணத் தொடங்கினாள். பதில் முழுசாக அவள் நாக்கு நுனியில் நின்றது. பத்து. அவர் உதடு கோணியது, இடது கை முழங்காலைப் பிசைந்தது. பதினெட்டு. தபால்காரர் வாயைத் திறக்கப்போக, அவள் கண்ணாலேயே அவரை அடக்கினாள். இருபத்தைந்து. கொழுந்தனின் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. முப்பது.

ஒன்றும் வரவில்லை. முப்பதுக்குப் பிறகு என்ன செய்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. முப்பத்தொன்று என்றாள் மனதுக்குள். முப்பத்திரண்டு. நாற்பத்தாறில் அவர் தலை நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார்.

"க... கதவு."

யாரும் சிரிக்கவில்லை. தபால்காரரின் மீசை மட்டும் லேசாக நடுங்கியது. மிச்சத்தைச் சொல்லிவிட அவளுக்கு உயிர் துடித்தது. கையிலிருந்த சீப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தபடி, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.