நாலாவது பெஞ்சில் ஓரின்

எங்கள் சபையில் ஒருவரை ஜெபப் பட்டியலில் சேர்ப்பது சுலபம். வாசல் மேஜையில் ஒரு நோட்டு இருக்கும், நூலில் கட்டிய பேனா இருக்கும். பெயரை எழுதினால் போதும். என்ன நோய், எந்த ஊர், உயிரோடுதான் இருக்கிறாரா என்றெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பது அநாகரிகம். எபிஸ்கோப்பல் சபையில் பாவத்துக்கு மன்னிப்பு உண்டு, அநாகரிகத்துக்குக் கிடையாது.

பெயரை எடுப்பதுதான் கஷ்டம். எழுதியவரே வந்து அடிக்க வேண்டும் என்பது வழக்கம். எழுதியவர் மறந்துவிட்டால், ஊர் மாறிவிட்டால், செத்தே போய்விட்டால், பெயர் தன் பாட்டுக்கு நிற்கும். ஞாயிறுதோறும் அறுபது பேர் அதற்காகத் தலை குனிவார்கள்.

இந்தப் பிப்ரவரியில் பட்டியல் தொண்ணூற்று நாலு பெயருக்கு வந்துவிட்டது. வாசித்து முடிப்பதற்குள் கீழே காப்பி ஆறிவிடுகிறது என்று புகார். காப்பி ஆறுவதை எங்கள் சபை லேசில் விடாது.

ஆகவே எங்கள் குருவான மதர் வினிஃப்ரட், தவக்காலத்துப் புதன் வகுப்புக்கு இதையே பாடமாக வைத்தார். பெரியவர்களுக்கான வகுப்பு அது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் சூப்பும் ரொட்டியும், அதன் பிறகு ஒரு மணி நேரம் ஆன்மிக வளர்ச்சி. யாரென்றே தெரியாத பெயர்களை மதர் சீட்டில் எழுதி ஒரு சூப் கிண்ணத்தில் போட்டார். ஆளுக்கு ஒரு சீட்டு. எடுத்த பெயருக்காகத் தினமும் ஜெபிக்க வேண்டும், அவர் யாரென்று தேடவும் வேண்டும். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின புதன்தான் கெடு. அதற்குள் ‘நான்தான் எழுதினேன்’ என்று யாரும் வராவிட்டால் பெயர் அடிபடும்.

நான் ஹாலிஸ். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்லூரியில் மூன்றாம் வருஷம். கல்லூரியின் நையாண்டிப் பத்திரிகைக்கு ஆசிரியர். வகுப்புக்கு வந்தது எழுதச் சரக்கு தேடி என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். எல்லோரும் நம்பினார்கள். சிரிக்காமல் எதைச் சொன்னாலும் இந்த ஊரில் நம்புவார்கள்.

எனக்கு வந்த சீட்டில் ‘பியூலா’ என்றிருந்தது. பக்கத்தில் லார்னா பெக்கம். இருபத்தாறு வருஷமாக இந்த ஊருக்குத் தபால் கொடுக்கிற அம்மாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் தன் சீட்டைப் படித்தார்.

“ஓரின்.”

எனக்குச் சூப் புரையேறிவிட்டது.

“என்ன காலேஜ், சூடா?” அவருக்கு என் பெயர் எப்போதும் காலேஜ்தான்.

“உப்பு கம்மி.”

ஓரின் என்று ஒருவனும் கிடையாது. அவனை உண்டாக்கியது நான். முதல் வருஷம் நவம்பரில், விளையாட்டுக்கு. இல்லாத ஒருவனுக்காக இவர்கள் எத்தனை வாரம் ஜெபிப்பார்கள் பார்ப்போம் என்று. ரெண்டேகால் வருஷம் ஓடிவிட்டது. ஒரு வாரம்கூட விடவில்லை.

இரண்டாம் புதன். லார்னா அறிக்கை கொடுத்தார்.

“ஆயிரத்து நூத்தி நாப்பது தபால்பெட்டி. ஒவ்வொண்ணா பாத்துட்டேன். பழைய அட்ரஸ் மாத்தின கார்டு வரைக்கும் பொரட்டியாச்சு. ஓரின்னு ஒருத்தன் இந்த ஊர்ல குடியிருந்ததே இல்ல.”

“அப்ப வெளியூரா இருக்கும்” என்றேன்.

“இல்ல. இங்கதான் இருக்கான். அட்ரஸ்தான் இல்ல.” ரொட்டியைப் பிய்த்தார். “வயசு பதினெட்டு, பத்தொம்போது. அதுக்கு மேல இருக்காது.”

“அது எப்படித் தெரியும்?” என்று கேட்டார் டாக்டர் பார்ட்லெட். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், சபைக் கட்டடத்துக்குப் பொறுப்பாளர், ஞாயிறு பட்டியலை வாசிப்பவரும் அவர்தான். நிரூபணம் இல்லாத எதையும் அவருக்குப் பிடிக்காது. கடவுளுக்கு மட்டும் விலக்கு.

“பேரச் சொல்லி ஜெபம் பண்ணா முகம் வருது டாக்டர். நான் என்ன பண்ண? தொப்பி வச்சுத் தச்ச கோட்டு. நனைஞ்சு சொட்டுது.”

டாக்டர் கரண்டியைக் கீழே வைத்தார். “ஈரம்னதும் ஞாபகம் வருது மதர். நாலாவது பெஞ்சு, இடது பக்கம். மெத்தை மறுபடியும் நனைஞ்சிருக்கு. கூரையில ஓட்டையே இல்ல. மூணு தடவ ஆள் ஏத்திப் பாத்தாச்சு.”

“எப்போலேர்ந்து?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

“போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்துலேர்ந்து. அதுக்குன்னு ஒரு கமிட்டிகூட போட்டிருக்கோம்.”

அந்தப் பெஞ்சு எனக்குத் தெரியும். நோட்டில் ஓரினை எழுதிவிட்டு நான் போய் உட்கார்ந்த இடம் அது. என் கோட்டும் அன்றைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கோட்டுத் தண்ணீர் ரெண்டேகால் வருஷம் காயாமல் இருக்காது என்று எனக்கும் தெரியும். அன்றிலிருந்து அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

நான் என் கடமையையும் செய்தேன். மூன்றாம் வாரத்துக்குள் பியூலா யாரென்று கண்டுபிடித்தாகிவிட்டது. அவள் ஒரு கழுதை. டாக்டர் பார்ட்லெட் வைத்தியம் பார்த்த கழுதை. குளம்பில் புண் வந்தபோது பட்டியலில் சேர்த்தவர் அவரேதான். கழுதை செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஞாயிறுதோறும் தன் வாயாலேயே அவள் பெயரை வாசித்துக்கொண்டு, யாரோ பாவம் நோயாளி அம்மா என்று அவர் நினைத்திருந்தார்.

“நல்ல கழுதை” என்றார் டாக்டர். காது சிவந்திருந்தது. “கடிக்காது.”

“மரித்தோர் பட்டியலுக்கு மாத்தலாமா?” என்று கேட்டேன்.

“நன்றி சொல்ற பட்டியலுக்கு மாத்துவோம்” என்றார் மதர், முகம் மாறாமல். “குளம்பு சரியாச்சா டாக்டர்?”

“ஆச்சு.”

“அப்ப நன்றிதான்.”

மேஜை முழுக்கச் சிரித்தது. லார்னா சிரிக்கவில்லை. சிரிப்பு ஓய்ந்ததும், கேட்காமலே சொன்னார்.

“ஓரின் பாலத்துல நிக்கிறான்.”

“எந்தப் பாலம்?”

“ஊருக்கு ஒரு பாலந்தான இருக்கு, காலேஜ். கைப்பிடியப் புடிச்சுக்கிட்டுக் கீழ பாத்துட்டு நிக்கிறான். அதுக்கு மேல எனக்குத் தெரிய மாட்டேங்குது. தினமும் அது வரைக்கும் வருது, அங்கயே நின்னுடுது.”

விளையாட்டுக்கு எழுதினேன் என்று மேலே சொன்னேன். அது பத்திரிகை ஆசிரியர் சொன்னது. நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நவம்பரில் நான் ஒரு மாதமாக வகுப்புக்குப் போகவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. மழை பெய்த ஒரு மத்தியானம் பாலத்தின் நடுவில் போய் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. குளிர் பொறுக்காமல் இந்தப் பக்கம் நடந்துவிட்டேன், அவ்வளவுதான், அதில் வீரம் எதுவும் கிடையாது. சர்ச் கதவு திறந்திருந்தது. நோட்டில் என் பெயரை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. பேனா ஓரின் என்று எழுதியது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இன்று வரை தெரியாது. எழுதி முடித்ததும் இதை ஒரு வேடிக்கையாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். வேடிக்கையாக வைத்துக்கொள்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

அதற்கப்புறம் உடம்பும் மனசும் ஒரு மாதிரி தேறின. முழுசாக இல்லை. சில வாரம் நன்றாக இருக்கும், சில வாரம் பாலத்தை வேகமாகக் கடக்க வேண்டியிருக்கும். ஞாயிறு தவறாமல் வந்தேன். பட்டியலில் ‘ஓரின்’ வரும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அது வாசிக்கப்பட்டால்தான் அடுத்த வாரத்துக்குள் போக முடியும் என்று ஆகிவிட்டது.

இப்போது அந்தப் பெயரை அடிக்கப்போகிறார்கள்.

நாலாம் வாரத்திலிருந்து பாலத்தில் என் பின்னால் இன்னொரு காலடி கேட்டது. திரும்பினால் பனி. பனியில் என் தடம் மட்டும். காதைப் பொத்திக்கொண்டு நடந்தேன், அப்போதும் கேட்டது. ஒருநாள் பட்டப்பகலில் அவன்மேல் பொறாமைகூட வந்தது. எனக்கு வர வேண்டியதெல்லாம் ரெண்டேகால் வருஷமாக அவன் விலாசத்துக்குப் போயிருக்கிறது. அறுபது பேர் அவனைத் தாங்குகிறார்கள். அவனை எடுத்துவிட்டால், அவன் நின்ற இடத்தில் யார் நிற்பது?

கெடுப் புதன் வந்தது. பூசணிக்காய் சூப். மதர் சீட்டுகளை வரிசையாக வைத்தார். ஆறில் நாலு தெளிந்துவிட்டது. ஐந்தாவது பெயர், பக்கத்து ஊரில் சுகமாக இருக்கும் ஒரு பல் டாக்டர். கோபமாகப் போனில் பேசினாராம். மீதி ஓரின்.

“எழுதினவங்க யாரும் வரல” என்றார் மதர். “வருத்தமாத்தான் இருக்கு.”

“எங்கிட்டயே இருக்கட்டும்” என்றார் லார்னா. “நான் வச்சுக்கறேன்.”

“லார்னா, எழுதினவங்கதான்னு நாமே பேசி வச்சோம்.”

“கழுதைக்கு ஒன்பது வருஷம் குடுத்தீங்க!”

மதர் பேனாவின் மூடியைத் திறந்தார். அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பெரிதாகக் கேட்டது.

“நான்தான்” என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“ஓரினை எழுதினது நான்தான். அப்படி யாரும் இல்ல. நான்தான் அவன்.”

டாக்டர் பார்ட்லெட் மேஜையைத் தட்டிச் சிரித்தார். “அடுத்த இதழ்ல போடு! ‘நான்தான் பியூலா’ன்னும் ஒண்ணு எழுது!” எல்லோரும் சிரித்தார்கள். மதரின் உதடுகூட அசைந்தது. சிரிக்காமல் எதைச் சொன்னாலும் நம்புகிறவர்கள், இதை மட்டும் நம்பவில்லை.

லார்னா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்தப் பக்கக் கைப்பிடி?”

சிரிப்பு நின்றது.

“மில் பக்கம்” என்றேன். “மூணாவது விளக்குக் கம்பத்துக்கிட்ட.”

“அப்ப பாலத்துல என்ன போச்சு?”

“தெரியல. நான் கீழ பாத்துட்டிருந்தேன்.” யோசித்தேன். “ஒரு வண்டி. பக்கத்துல வந்து மெதுவாச்சு. அப்புறம் போயிடுச்சு.”

லார்னா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“அது நான்” என்றார். “நான்தான் போனேன். மூணு மணிக்கு முன்னாடி மருந்துக்கடைப் பார்சலக் குடுக்கணும். நின்னு கேக்கலாமான்னு நினைச்சேன். பிரேக்ல கால் வச்சேன். எவனோ ஆத்தப் பாக்கறான், நமக்கென்னன்னு போயிட்டேன். திரும்பி வந்தப்ப ஆள் இல்ல. ரெண்டு வருஷமா பேப்பர்ல ஆத்துச் செய்தி தேடிட்டிருக்கேன். சீட்டுல அந்தப் பேர் வந்ததும் அவன்தான்னு வச்சுக்கிட்டேன். வேற பேரே வந்திருந்தாலும் அவன்தான்னு வச்சிருப்பேன்.”

சூப் பாத்திரம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

“அறிவுகெட்டவனே” என்றார் லார்னா, குரல் உடைந்து. “அஞ்சு வாரமா பக்கத்துல உக்காந்து உப்பு கம்மிங்கற. உம் பேர எழுதியிருந்தா, மூஞ்சியப் பாத்து ஜெபம் பண்ணியிருப்பேன்ல?”

மதர் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். “இப்ப எப்படி இருக்கே ஹாலிஸ்?”

சூப் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. “சில வாரம் நல்லா இல்ல மதர்” என்றேன்.

“இந்த வாரம்?”

“நல்லா இல்ல.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு லார்னா தன் சொந்தக் காரில் விடுதி வாசலுக்கு வந்துவிட்டார். தபால் வண்டியில் ஆளை ஏற்றக் கூடாதாம். மனநல மருத்துவரின் அறை வரைக்கும் கூட வந்து, நான் உள்ளே போகிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். அன்றைக்கு ஊர் முழுக்கத் தபால் தாமதம். புகார் வந்ததாம். “கையெழுத்து வாங்கிக் குடுக்க வேண்டிய தபால்னு சொல்லிட்டேன்” என்றார்.

குருத்தோலை ஞாயிறு. டாக்டர் பார்ட்லெட் பட்டியலை வாசித்தார். நோட்டில் நானே எழுதியிருந்தேன், பெரிய எழுத்தில். என் பெயர் வந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஹாலிஸ்” என்றார். அறுபது தலை குனிந்தது. அறுபது பேருக்கும் என் முகம் தெரியும். காது சுட்டது. ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை.

அடுத்த பெயருக்குப் போவார் என்று பார்த்தேன்.

“ஓரின்” என்றார்.

முன் வரிசையில் லார்னா திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆராதனை முடிந்து கேட்டபோது சாதாரணமாகச் சொன்னார். “இந்தத் தடவ நான்தான் எழுதினேன். நான்தான அடிக்கணும்? அடிக்க மாட்டேன். பாலம் அங்கயேதான இருக்கு.”

அதெல்லாம் பின்னால். அந்த நொடியில் நான் செய்தது வேறு. ரெண்டேகால் வருஷத்துக்குப் பிறகு அன்றைக்கு நாலாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், இடது பக்க ஓரத்தில். வெளியே மழையும் இல்லை, பனியும் இல்லை. என் கோட்டு காய்ந்திருந்தது. பக்கத்து மெத்தையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். இப்போதுதான் யாரோ வந்து உட்கார்ந்தது போல.

கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.