சந்தனம் பூசிய கண்ணாடி

பருத்தி விலை இறங்கிய அதே வாரத்தில், ஓடைக்காட்டூர் கிழக்குத் தெருவில் குடியிருந்த பெருமாயி அம்மையாரின் கண்களிலிருந்து வெளிச்சம் வழியத் தொடங்கியது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு, தை மாதம். இமைகளை மூடினால், உள்ளங்கையால் பொத்திய கைவிளக்கைப் போல அவை சிவந்து தெரிந்தன. திறந்தால் எதிர்ச் சுவரில் இரண்டு வட்டங்கள் விழுந்தன. வட்டத்துக்குள் அகப்பட்டுக்கொண்ட பல்லியொன்று கண்கூசி ஓடியதை அவருடைய கணவர் வீரபாகு பார்த்தார். மாசி முடிவதற்குள் அதே தெருவில் மேலும் பத்துப் பெண்களுக்கு இவ்வாறு ஆயிற்று. பதினொருவரும் சென்னியப்பனாரின் பஞ்சாலையில் வேலை செய்தவர்கள்.

அதற்கு முந்திய ஆண்டுதான் மேட்டூர் மின்சாரம் அந்தப் பக்கம் வந்திருந்தது. காற்று புகுந்தால் பஞ்சு பறக்கும் என்பதால் ஆலைக்குச் சன்னல் வைக்கவில்லை. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. ஆகவே சென்னியப்பனார் ஆயிரம் மெழுகுவத்திப் பலமுள்ள ஒரு விளக்கை வரவழைத்துக் கிழக்குச் சுவரில் மாட்டினார். அதற்கு எதிரே இரண்டு வரிசையாக உட்கார்ந்து பருத்தியில் சருகும் கொட்டைத்தூளும் பொறுக்குவது பெண்களின் வேலை. காலை ஏழு மணிக்கு மேஸ்திரி சடையன் விசையைத் தட்டுவார். எல்லோரும் எழுந்து கைகூப்பி, விளக்கை நேருக்கு நேர் பார்த்து, நூறு எண்ணி முடியும்வரை இமைக்காமல் நின்று, பிறகு கற்பூரச் சுடரை ஒற்றிக்கொள்வதுபோல் உள்ளங்கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்காருவார்கள். ஆமணக்கெண்ணெய் அகலுக்கு ஏற்பட்ட வழக்கத்தை ஆயிரம் அகல்களுக்குச் சமமான ஒன்றுக்கு மாற்றி வைத்தது யார் என்று விசாரித்தால், ஒருவருமில்லை என்பதே விடை. வழக்கம் தானே நடந்து வந்து ஆலைக்குள் நின்றுகொண்டது. நூறு எண்ணவேண்டும் என்பதை மட்டும் சென்னியப்பனார் சேர்த்தார்.

மின்கம்பி மேற்குத் தெருவோடு நின்றிருந்தது. கிழக்குத் தெருவுக்கும் நான்கு கம்பம் நடவேண்டும் என்று கேட்க வீரபாகு போனபோது, சென்னியப்பனார் ஆலை வாசலில் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"என்னத்துக்குடா உங்களுக்குக் கம்பி? உங்க பொம்பளைகளே வெளிச்சத்தைச் சொமந்துக்கிட்டுத்தான ஊட்டுக்கு வாராங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நால்வர் கிழக்குத் தெருக்காரர்கள். தத்தம் மனைவியரின் கண்வெளிச்சத்தில் உணவு உண்டு, கயிறு திரித்து, எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டவர்கள் அவர்கள். வீரபாகுவுக்கு முதலாளியின் பேச்சைவிட அந்த நான்கு சிரிப்புகள்தாம் பல நாள் காதைவிட்டுப் போகவில்லை.

ஆனால் வெளிச்சத்துக்கும் இடம் வேண்டுமல்லவா? கண்ணுக்குள் அது நிறைய நிறையப் பார்வை வெளியேறிக்கொண்டிருந்தது. பெருமாயிக்கு முதலில் ஊசித் துவாரம் போயிற்று. அடுத்து அரிசியில் கல். சித்திரையில் எதிரே வருகிறவர்களின் முகம். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தம் முகத்துக்குக் குறுக்கே ஒரு கையைப் பிடித்துக்கொண்டு அவருடைய கண்களைச் சோதித்தார். உள்ளே போன வெளிச்சத்தை எடுக்க மருந்து கிடையாது என்றும், இடது கண்ணின் ஓரத்தில் புளியங்கொட்டை அளவு பார்வை மிச்சமிருக்கிறது என்றும், அதையாவது காப்பாற்ற வேண்டுமானால் விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவே ஏதாவது ஒன்றை நிறுத்தவேண்டும் என்றும் சொன்னார். வேலையை விட்டுவிடலாமே என்று வாசிப்பவர் கேட்கலாம். கிழக்குத் தெருவின் மனையெல்லாம் சென்னியப்பனாருடையவை. ஆலையை விட்டவர் குடிசையையும் விடவேண்டும்.

வீரபாகுவின் தொழில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவது. திருச்செங்கோட்டுக் கடைவீதியில் ஒரு பெட்டிக்கடையில் உட்கார்ந்து, தாம் நம்பாத தெய்வங்களையெல்லாம் தூசு படாமல் காத்துவந்தார். கிரகண நாளில் கண்ணாடித் துண்டைப் புகையில் காட்டிச் சூரியனைப் பார்ப்பதை எல்லோரையும்போல் அவரும் அறிவார். ஒரு முழக் கண்ணாடியை எடுத்து, ஆமணக்கெண்ணெய்ச் சுடருக்கு மேலே சீராக நகர்த்திப் புகைக்கரி படிய விட்டார். சட்டங்களுக்குப் பூசும் அரக்கு மெருகை அதன்மேல் பூனைமுடித் தூரிகையால் தடவி, உலரவிட்டு, மறுபடி தடவினார். விரலால் தேய்த்தாலும் கரி வரவில்லை. அதன் வழியாகச் சூரியனைப் பார்த்தார். அது பழுத்த ஆரஞ்சுப் பழம்போல் சாதுவாக நின்றது. மனிதன் கையால் செய்த ஒரு மெல்லிய பூச்சு எவ்வளவு பெரிய முரட்டு ஒளியையும் பணியவைக்கும் என்பதை அன்று அவர் தெரிந்துகொண்டார். உலகமும் உடனே தெரிந்துகொள்ளும் என்று நம்பியதுதான் அவருடைய பிழை.

"மகாலச்சுமி மூஞ்சில கரியப் பூசச் சொல்றயா?" என்றார் சென்னியப்பனார்.

"மூஞ்சில இல்லீங்க பண்ணாடி. ஒரு முழம் தள்ளி, எதிர்ல மாட்டோணும். அவ்வளவுதானுங்க."

"உன்ற ஊட்டு நெலவாசல்ல கரியப் பூசிக்க. போ அக்கட்டால."

பின்னர் வீரபாகு மனுக்கள் எழுதினார். கலெக்டருக்கு எழுதினார்; தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு எழுதினார்; மின்சார இலாகாவுக்கு எழுதினார். இலாகா தன் விளக்குகள் நல்ல நிலையில் இருப்பதாகப் பதில் போட்டது. அடுத்த ஆண்டு ஐப்பசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். ஏழு மணிக்கு எல்லோரும் கைகூப்பியபோது அவரும் கூப்பினார். நூறு எண்ணுவதற்குள் கண்ணீர் கொட்டவே, பக்தி மேலீடு என்று அதைத் துடைத்துக்கொண்டார். 'ஒளி போதுமானது' என்று குறிப்பு எழுதிவிட்டுக் காரில் ஏறியவரின் சட்டைப்பையில் இருந்த கைக்குட்டை சங்ககிரி போய்ச் சேரும்வரை ஒளிர்ந்துகொண்டிருந்ததாக அவருடைய டிரைவர் சொன்னார். மனுவுக்கு அதனால் ஒரு பயனும் விளையவில்லை.

மேஸ்திரி சடையன் ஈரநெஞ்சக்காரர். முதலாளி வெளியூர் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, கரிக்கண்ணாடியை மாட்ட அவர் சம்மதித்தார். ஆலை முழுவதும் மாலைவெயில் போன்ற ஒளி இறங்கியது. பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். குஞ்சம்மாள் என்பவர், பக்கத்தில் இரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்த காளியாத்தாளின் கன்னத்தில் மச்சம் இருப்பதை அன்றுதான் கண்டு, தொட்டுப் பார்த்தார். அந்த மகிழ்ச்சி ஒரு மணி நேரம் நீடித்தது. எட்டு மணிக்குக் கொட்டை நீக்கும் எந்திரத்தின் தோல்பட்டை அறுந்தது. ஏழு இடத்தில் தைத்த பட்டை அது. அறாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். ஆயினும் நாற்பது பெண்களும் ஒரே குரலில் கரியைக் காரணம் காட்டினார்கள். முதலில் எழுந்து போய்க் கண்ணாடியைக் கழற்றியவர் பெருமாயி.

அன்று வீட்டில் வீரபாகு உண்ணவில்லை.

"உனக்காகத்தானே புள்ள செஞ்சேன்! நீயே கழட்டலாமா?"

"நாங் கழட்டாட்டி அவளுக ஒடைச்சிருப்பாளுங்க மாமா. அது இருந்தாத்தான நாளைக்கு ஆகும்."

"நாளைக்கு எவன் மாட்ட உடுவான்?"

பெருமாயி சுவரில் இருந்த தம்முடைய இரண்டு வட்டங்களைப் பார்த்தபடி சொன்னார்: "கரியத்தான வேண்டாங்கறாங்க? சந்தனத்தப் பூசுங்க. திருநீத்தப் பூசுங்க. எவன் கழட்டறான்னு பாத்துக்கலாம்."

நாட்டில் எத்தனையோ அறிஞர்கள் எத்தனையோ மேடைகளில் தேடிய வழியை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் அடுப்படியில் அமர்ந்து சொல்லிவிட்டார். வீரபாகு துள்ளி எழுந்தார். எந்த மூடத்தனம் உன் கண்ணைக் குடித்ததோ அதற்கே என் கையால் பொட்டு வைக்கச் சொல்கிறாயா என்றார். கொள்கை என்றார், தன்மானம் என்றார். அவர் சொன்னவற்றில் ஒரு சொல்லும் தவறில்லை. பெருமாயி அத்தனையையும் கேட்டுவிட்டு, "சரிங்க, காலைல நான் வேலைக்குப் போகோணும்" என்று இமைகளை மூடினார். வீடு அப்போதும் இருளவில்லை.

அந்தத் தவறில்லாத சொற்களோடு வீரபாகு ஒன்றேமுக்கால் ஆண்டு கழித்தார். மேலும் பதினாறு மனுக்கள் எழுதினார். புளியங்கொட்டை அளவு இருந்த பார்வை துவரையளவு ஆயிற்று, துவரை கடுகாயிற்று. நாற்பத்தோராம் ஆண்டு ஆவணியில் ஒரு நாள் பெருமாயி சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் தரையைப் பிசைந்துகொண்டிருந்ததை அவர் பார்த்தார். கடுகும் போய்விட்டது என்பதை ஒரு மாதமாக அவரிடம் சொல்லவில்லையாம். எந்திரங்களின் ஒலியைக் கொண்டு இடமறிந்து, விரலால் சருகு பொறுக்கி, வேலை பிசகாமல் செய்துவந்திருக்கிறார்.

"ஏம்புள்ள சொல்லல?"

"சொன்னா இன்னொரு மனு எழுதுவீங்க."

அந்த ஆண்டு ஆயுதபூசையன்று வீரபாகு ஆலைக்குப் போனார். நான்கு பக்கமும் பொன்வண்ணம் தீட்டிய சட்டத்துக்குள், படம் ஏதும் இல்லாத வெறுங்கண்ணாடியை வைத்திருந்தார். விளக்குக்கு என் காணிக்கை என்றார். அவர் வாயில் காணிக்கை என்ற சொல் வந்ததைக் கேட்டுச் சென்னியப்பனார் எழுந்தே நின்றுவிட்டார். வழிக்கு வந்துட்டான் பாருங்கய்யா என்று ஊரைக் கூப்பிட்டுக் காட்டினார். விளக்குக்கு ஒரு முழம் முன்னால் கண்ணாடியைத் தொங்கவிட்டார்கள். எந்திரத்துக்கும், தராசுக்கும், துடைப்பத்துக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவர்கள் கண்ணாடிக்கும் வைத்தார்கள். முதலாளி மூன்று விரலால் திருநீறு இழுத்தார். மேஸ்திரி மஞ்சள் குழைத்து அப்பினார். நாற்பது பெண்களும் ஆளுக்கொரு குங்குமப் பொட்டு வைத்தார்கள். இடைவெளி தெரிந்த இடமெல்லாம் குஞ்சம்மாள் மறுபடி சந்தனம் பூசினார். மறுநாள் ஏழு மணிக்கு விசையைத் தட்டியபோது ஆலைக்குள் விழுந்தது, பனங்கற்கண்டின் நிறத்தில் இளகிய ஓர் ஒளி. நூறு அல்ல, இருநூறு எண்ணினாலும் கண்ணில் நீர் வரவில்லை. அம்மன் குளிர்ந்துவிட்டாள் என்றார்கள். மூன்றரை ஆண்டு எழுதிய மனுக்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கார்த்திகைக்குள் பத்துப் பெண்களின் கண்களிலிருந்தும் வெளிச்சம் வடிந்து பார்வை திரும்பியது. பெருமாயிக்குத் திரும்பவில்லை. பார்வை திரும்பி வரக் கடுகளவு இடம்கூட உள்ளே மிஞ்சியிருக்கவில்லை என்று டாக்டர் சொன்னார். போன ஆவணிக்கு முன் அந்தப் பூச்சு விழுந்திருக்குமானால், என்று தொடங்கி, வீரபாகுவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கண்ணாடியில் தடைப்பட்ட வெளிச்சம் எங்கும் போகவில்லை. சந்தனத்தோடு ஒட்டிக் காய்ந்தது. வியாழன்தோறும் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து வெள்ளிதோறும் புதிது பூசுவது வழக்கமாயிற்று. சுரண்டும் வேலைக்கு மட்டும் பெருமாயியை வைத்தார்கள்; விளக்கருகே நின்றாலும் அவருக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. உதிர்ந்த பொருக்குகள் ஒளிர்ந்தன. அவற்றைக் கொட்டாங்கச்சியில் வாங்கி வந்து, சோற்றுக்கஞ்சியில் குழைத்துக் கிழக்குத் தெரு வாசல்நிலைகளில் ஒட்டினார்கள். ஒரு பொருக்கு எட்டு நாள் எரிந்தது. நாற்பத்தாறாம் ஆண்டு, கம்பம் நட இடம் குறிக்க மின்சார இலாகாவிலிருந்து ஒருவர் வந்தார். வீட்டுக்கு வீடு சந்தனம் எரிவதைப் பார்த்தார்; ஒன்றை விரலால் தொட்டு முகர்ந்தார்; 'இத்தெருவில் முன்னரே விளக்கு உண்டு' என்று எழுதிக்கொண்டு மேற்கே போய்விட்டார். கம்பி வரவில்லை. அதைக் குறித்து வீரபாகு எழுதிய மனு நாற்பத்து மூன்றாவது.

அந்த மனுவை மனைவியின் கண்வெளிச்சத்தில்தான் எழுதினார். கரிக்கண்ணாடி உடையாமல் அவர்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. பெருமாயியின் கண்கள் இப்போது வெறுங்கண்ணால் பார்க்க இயலாத அளவு பிரகாசமாகிவிட்டன. ஆகவே வீரபாகு தினமும் வேலைக்குப் போகுமுன், ஆணியிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மனைவியின் முகத்தைப் பார்க்கிறார்.

"பாத்தாச்சுங்களா?" என்று கேட்பார் பெருமாயி.

"இன்னும் கொஞ்சம் இரு."

அவர் முகத்தைத் திருப்பாமல் இருப்பார். நூறு எண்ணும் நேரம் ஆகும். பிறகு வீரபாகு கண்ணாடியைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு, ஏழு மணி வண்டிக்குப் போவார்.