ச வரிசையில் ஒரு பாட்டு

என் தொலைபேசியில் ஜப்பானியப் பாடல்கள் முதல் எழுத்துப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அவர்களுடைய எழுத்துகளும் ஏறக்குறைய நம்முடையவை போகும் வழியிலேயே போகின்றன. இதைக் கண்டுபிடித்த அன்று, நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை. நான் பொதுவாகச் சொல்வதில்லை.

அதனால்தான் அக்கா கஜந்தி அந்தச் சனிக்கிழமை என்னை மெஷினுக்குப் பக்கத்தில் இருத்தினாள்.

"கௌசி, நீ ஒருத்தரோடையும் கதைக்கத் தேவையில்லை. பாட்டை மட்டும் எடுத்துக் குடு. ப்ளீஸ்."

சிட்னி நகரத்தில், ஒரு நூடுல்ஸ் கடைக்கு மேலே இருந்த கரோக்கே அறை அது. சுவரெல்லாம் ஊதா. அம்மா கைப்பையை மடியில் வைத்து, பேருந்துக்குக் காத்திருப்பவர் மாதிரி சோபாவின் நுனியில் இருந்தார்.

அக்கா தைக்கியைக் கலியாணம் செய்ய விரும்பினாள். தைக்கி ஜப்பானியர், ரயில்வேயில் சிக்னல் பொறியாளர். அம்மா இன்னும் ஓம் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பெடியன்ர தாயைப் பாத்துப்போட்டுச் சொல்லுறன்" என்று மாதக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தார். தாய் நொரிக்கோ நகோயாவிலிருந்து வந்தார். முதல் நாள் ஹோம்புஷில் ஒரு தோசைக் கடையில் இரண்டு தாய்மாரும் சந்தித்தார்கள். நொரிக்கோ தலை குனிந்தார். அம்மாவும் குனிந்தார். தோசை ஆறியது. அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நொரிக்கோ விமானம் ஏற வேண்டும்.

"என் அம்மா பாடினால்தான் மனம் திறந்து பழகுவார்" என்று தைக்கி ஆங்கிலத்தில் சொன்னார். இந்த அறை அப்படி வந்ததுதான்.

கூட வந்தவர் சபாரத்தினம் மாமா, அம்மாவின் அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் இப்படியான காரியங்களுக்கு அவர்தான் வருவார். தமிழ்ச் சங்கத்தில் பாட்டுக்குப் பாட்டு நடத்துபவரும் அவரே. எழுத்தைக் கொடுத்துவிட்டு, அதில் தொடங்கும் பாட்டைப் பாட முடியாதவரை இரக்கமே இல்லாமல் மேடையை விட்டு இறக்குவார். மெஷினின் திரையில் நான் எழுத்து வரிசையைக் காட்டியதும் துள்ளினார்.

"அ, க, ச! இது எங்கட அரிச்சுவடி எல்லோ! விமலா, இஞ்ச பார், இவை தூரத்துச் சொந்தம்."

"சொந்தமெண்டா ஏன் மீனைப் பச்சையாத் தின்னினம்?" என்றார் அம்மா.

தைக்கி தாயிடம் ஏதோ கேட்டார். நொரிக்கோ வெட்கத்தோடு சிரித்து, ஒரு பாட்டு என்று விரல் காட்டினார்.

"எப்பிடித் தொடங்கும் எண்டு கேளும் தம்பி" என்றார் மாமா. அக்கா அதைத் தைக்கிக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். நொரிக்கோ முதல் வரியை மெல்ல முனகினார். 'சமுய் அசா'. குளிர்ந்த காலை. அந்த அளவுக்கு எனக்கு ஜப்பானிய மொழி தெரியும்.

"ச!" என்று மாமா தீர்ப்புச் சொன்னார்.

தைக்கி உருளைக்கிழங்குப் பொரியல் எடுத்துவரக் கீழே போனார். நான் ச வரிசையைத் திறந்தேன். 'சமுய்' என்று தொடங்கும் பாட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அழுத்தினேன்.

ஒரு வயலின் அழுதது. திரையில் மழை, துறைமுகம், கறுப்புக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி. நொரிக்கோ ஒரு கணம் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மரியாதையாகத் தலை குனிந்து, மைக்கை எடுத்துக் கண்ணை மூடிப் பாடத் தொடங்கினார். மிக நன்றாகப் பாடினார். அதுதான் பிரச்சினை. இரண்டாவது சரணத்தில் அவருக்குக் கண் கலங்கியது. திரைப்பெண் மோதிரத்தைக் கழற்றிக் கடலில் எறிந்தாள்.

"ஏன் மோதிரத்தை எறியிறாள்?" என்றார் அம்மா.

"தெரியேல்லை."

"நீ உந்தப் பாட்டெல்லாம் இரவு பகலாக் கேக்கிறனிதானே. என்ன சொல்லுறா, சொல்லு."

எனக்கு விளங்கியது இரண்டு சொற்கள் மட்டும். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"'போ' எண்டு சொல்லுறா. பிறகு, 'இனி வராதை'."

அம்மா நிமிர்ந்தார். "ஆரைப் போகச் சொல்லுறா? என்ர பிள்ளையையோ?"

"அம்மா, அது பாட்டு!" என்றாள் அக்கா.

"பாட்டுத்தான். நேரில சொல்ல ஏலாததைப் பாட்டில சொல்லுறது. நான் எத்தினை படம் பாத்தனான். அழுது அழுது வேண்டாமெண்டு சொல்லுறா, உனக்கு விளங்கேல்லையோ? அண்ணை, நீங்கள் பேசாமல் இருக்கிறியள்."

"சுருதி சுத்தம்" என்றார் மாமா.

"சுருதியோ! என்ர பிள்ளையில என்ன குறை? ஃபார்மசிஸ்ட். சொந்தமாக் கார். பத்துப் பேருக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வைப்பாள்."

அக்கா இதுவரை ஒரு கத்தரிக்காயையும் வெட்டியதில்லை. ஆனால் அவள் அதைத் திருத்தவில்லை. "அப்ப அம்மா, உங்களுக்கு ஓமோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஓம்! இந்தக் கலியாணம் நடக்கும். ஆர் மறிக்கினம் எண்டு பாப்பம்!"

பாட்டு முடிந்தது. நொரிக்கோ கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு அம்மாவுக்குத் தலை குனிந்தார். அம்மா குனியவில்லை.

பொரியல் தட்டோடு வந்த தைக்கி திரையைப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். தன் அம்மா கேட்டது இதையல்லவே என்றார். அவர் கேட்ட பாட்டின் பெயர் ஹ வரிசையில் இருக்கிறதாம். பட்டியல் பாட்டின் பெயரைப் பார்த்துப் போகுமே தவிர, முதல் வரியைப் பார்த்தல்ல. என் தொலைபேசியை நினைத்தேன். அதில் நான் எல்லாவற்றையும் முதல் வரியால் அடுக்கி வைத்திருக்கிறேன். பாட்டு எப்படித் தொடங்குகிறதோ அதுதான் அதன் பெயர் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

"மாற்றிப் போடட்டுமா?" என்று தைக்கி கேட்டார்.

"வேண்டாம்" என்றேன். "அம்மா ஓம் சொல்லிவிட்டார். ஒன்றையும் தொடாதீர்கள்."

பேசாமல் இருப்பது எனக்கு நன்றாக வரும். அதை நம்பித்தான் இருந்தேன். ஆனால் நொரிக்கோ தானே எழுந்து வந்து, எனக்கு மேலாகக் கையை நீட்டி, ஹ வரிசையைத் திறந்து அழுத்திவிட்டார்.

திரையில் வெயில். சைக்கிளில் பிள்ளைகள். 'சமுய் அசா' என்று தொடங்கினாலும் அது துள்ளும் பாட்டு. நொரிக்கோ பாடிக்கொண்டே போய் அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டினார். அம்மாவின் கைப்பை கீழே விழுந்தது.

"கௌசி. இதுதானோ அவ முதல் கேட்டது?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்ததை நான் எழுதமாட்டேன்.

"ஓம் அம்மா. மற்றது நான் மாறி எடுத்துப்போட்டன்."

"அப்ப அவவுக்கு எங்களைப் பிடிச்சிருக்கோ?"

அக்கா அதை ஆங்கிலத்தில் கேட்க, "வெரி மச், அன்ரி" என்றார் தைக்கி.

அம்மா கைப்பையை எடுத்து மறுபடி மடியில் வைத்தார். மறிக்க யாருமில்லாத கலியாணத்துக்கு அவர் தன் வாயால் ஓம் சொல்லியிருந்தார்.

"விமலா" என்றார் மாமா, சங்கத்து மேடைக் குரலில். "எழுத்தை வாங்கிப் பாட்டையும் தொடங்கியாச்சு. இனி மாத்தேலாது."

"ஆர் இப்ப மாத்தச் சொன்னது?" அம்மா சீறினார். பிறகு நொரிக்கோவின் பக்கம் திரும்பி, தமிழிலேயே சொன்னார். "கலியாணம் ஹெலன்ஸ்பர்க் கோயிலில."

நொரிக்கோ தலை குனிந்தார்.

"சாப்பாடு மரக்கறி."

மறுபடியும் குனிந்தார்.

"நல்ல மனுசி" என்றார் அம்மா. இந்த முறை அவரும் குனிந்தார்.

நொரிக்கோ மைக்கை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, என்னைப் பார்த்தார்.

"உதில எங்கட பாட்டு ஏதும் கிடக்கோ?"

எல்லா வரிசையும் பார்த்தேன். "இல்லை அம்மா."

"அப்ப மெஷினை நிப்பாட்டு" என்றார் அம்மா, மைக்கை நிமிர்த்திப் பிடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு.