ஒரு படமும் விட்டுப்போகாமல்

அண்ணனுக்குப் புத்தி போய்விட்டது என்று எல்லோரும் முடிவு கட்டி இரண்டு மாதம் ஆயிற்று. பக்கவாதத்துக்குப் பிறகு கண்ணிமை தவிர அவன் உடம்பில் எதுவும் அசையாது, பேச்சும் இல்லை. அவன் முன்னால் இருக்கும் கணினித் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது அவன் இமையை இறுக மூட வேண்டும். வெப்கேமரா பார்த்துக் குறித்துக்கொள்ளும். ஏற்பாடு தங்கையுடையது. புரோகிராம் எழுதுவதுதான் அவளுக்குப் பிழைப்பு. ஆனால் பெயரைக் கேட்டால் "ழஙபூ" என்று வந்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். நாளைக் காலை பராமரிப்பு இல்லத்திலிருந்து வண்டி வருகிறது. அங்கே போனால் யாரும் அவனை எதுவும் கேட்கப் போவதில்லை.

தங்கை லீவு போட்டுவிட்டு மூன்று நாளாகக் கட்டில் ஓரத்திலேயே மடிக்கணினியோடு கிடந்தாள். முதுகு விட்டுப்போயிற்று. நம்பிக்கை என்றெல்லாம் இல்லை. விட்டுவிட்டால் ஆயுசுக்கும் மனசு ஆறாதே என்ற பயம்தான்.

மத்தியானம் கண் எரிந்தது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கேமராவைத் தன் பக்கம் திருப்பிவிட்டுச் சும்மா இமையை மூடித் திறந்தாள். நான்கு நொடி கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு எழுத்து விழுந்தது. அட மண்டூகமே, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அவள் புரோகிராமுக்கு இரண்டு பக்கம், இரண்டு கணினி மொழி: படம் பிடிப்பது ஜாவாஸ்கிரிப்ட், இமையைக் கண்டுபிடிப்பது சி பிளஸ் பிளஸ். நொடிக்கு முப்பது படத்தையும் நீளமான எழுத்துக்கோவையாக மாற்றி, மூட்டை கட்டி இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் அவிழ்க்க வேண்டும். அவிழ்ப்பதற்குள் அடுத்தடுத்த மூட்டைகள் வந்து நிற்கும். போதாக்குறைக்கு, ஒரு படமும் விட்டுப்போகக் கூடாதென்று வரிசை கட்டி வைத்தவளே இவள்தான். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டாள். சோதித்துப் பார்த்தது ஐந்தைந்து நிமிடம்; அவனோ மணிக்கணக்காக அதன் முன்னால் கிடந்தான். நேரம் ஆக ஆக அவன் இமை மூடுவதற்கும் எழுத்து விழுவதற்கும் இடைவெளி கூடிக்கொண்டே போய், அவன் ஒன்றுக்கு மூட வேறொன்று விழுந்திருக்கிறது.

எல்லாவற்றையும் பிரித்துப் போட்டாள். இரண்டு பக்கமும் ஒரே நினைவகத்தைப் பார்க்கட்டும். படம் இருந்த இடத்திலேயே இருக்க, எந்த இடம் என்று மட்டும் சொன்னால் போதும். பழைய படம் தேங்கினால் தூக்கி எறி. முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அண்ணி அலுத்துப்போன குரலில் கேட்டாள். "இன்னும் எதுக்கு அவரைப் போட்டுப் பாடாப் படுத்துற?"

"கடைசியா ஒரு தடவை, அண்ணி." அவன் பக்கம் குனிந்தாள். "அண்ணா, உன் பேரைச் சொல்லு."

அவன் பேரைச் சொல்லவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, பிசகாமல் வந்தது.

எல்லாம் கேட்டுச்சு.

அண்ணி கையிலிருந்த சட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்த அறையில் வைத்துத்தான் எந்த இல்லம் என்று பேசினார்கள். அவன் துணியை யாருக்குக் கொடுப்பது என்று பேசினார்கள். போன வாரம் தங்கையே அவன் தலைமாட்டில் நின்று, இப்படிக் கிடப்பதற்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று அழுதாள். அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

திரையில் எழுத்துகள் மறுபடி ஒளிரத் தொடங்கின. அவன் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.