முதலாளி என்ற இடத்தில்

பானையிலிருந்த சூப்பைக் கடைசிச் சொட்டுவரை தொட்டியில் கவிழ்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. புருஷனை அடக்கம் செய்துவிட்டு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சூப்பைக் கொண்டுவந்த, அவருடைய சாப்பாட்டுக் கடைச் சமையல்காரி, பின்வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடைசிப் பத்து நாளும் அவர் இந்தச் சூப்பைத்தான் குடித்தார், அதுவும் இவள் ஊட்டினால்தான். வீட்டில் செய்ததை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டார். முப்பத்தேழு வருஷம் ஆக்கிப் போட்டவளுக்கு எப்படி இருக்கும்?

அதுகூடப் போகட்டும். எந்த நாட்டிலிருந்தோ பிழைக்க வந்தவளுக்கு 'மிளகு' என்று செல்லப்பேர் வேறு. கட்டினவளுக்கு ஒரு பேர் வைக்கத் தோன்றியதா? மிளகு வேலைக்குச் சேர்ந்த ஆறு வருஷமாக அவள் கடைப் பக்கமே போனதில்லை.

கொழுந்தன் ஒரு தாளோடு வந்து அவளைக் கூடத்துக்கு அழைத்தார்.

"அண்ணி, இந்தச் சமையல்காரியோட வேலை அனுமதி அண்ணன் பேர்ல இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற முதலாளி கையெழுத்துப் போடணும். நீங்க போடாதீங்க. தானா ஊரப் பாக்கப் போயிடுவா."

"அப்ப கடை?"

"அந்தப் பெரிய சாப்பாட்டுக் கம்பெனிக்கு விட்டுடலாம். தெருவுல பாதிக் கடை அவங்க பாக்கெட்டப் பிரிச்சு சுடவச்சுத்தான் போடுது. எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே ருசி. சமைக்க ஆளே வேணாம்."

"இன்னும் எத்தன மாசம் இருந்தா இவ இந்த நாட்டுலயே நிரந்தரமாத் தங்கிக்கலாம்?"

"ஏழு. அதுக்குத்தான் பல்லக் கடிச்சிட்டுக் கெடக்கா."

போய்த் தொலையட்டும் என்று நினைத்ததுமே அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கொழுந்தன் பின்னாலேயே வர, நேரே பின்வாசலுக்குப் போனாள்.

"பானைய எடுத்துட்டுக் கெளம்பு. இனிமே இங்க வராத."

மிளகு நிமிர்ந்தாள்.

"சரிதான் போ. கொட்டுனா கொட்டிக்கோ. வயித்தக் காயப் போடாத, கேட்டியா?"

"பாத்தீங்களா அண்ணி! உங்களையே வா போன்னு பேசுறா!"

அவள் காதில் அது விழவில்லை. அந்தக் 'கேட்டியா'வின் இழுவை. அப்படி இழுக்க உலகத்திலேயே ஒருத்தருக்குத்தான் தெரியும்.

"இப்படிப் பேச யாருடீ சொல்லிக் குடுத்தா?"

"யாரும் குடுக்கல. தினம் ஒரு மணிக்கு முதலாளி ஃபோன்ல உன்கிட்ட பேசும். நான் பக்கத்துல வெங்காயம் நறுக்கும். அதான் முதல்ல கத்துக்கிட்டது."

அதுவும் போயிற்று. அவர் தனக்கென்று சொல்லிவந்த அந்த ஒரு வாக்கியமும் இவள் வாயில் இருக்கிறது.

"இன்னொரு தடவ சொல்லு."

மிளகு சொன்னாள். அதே இழுவை.

அவள் கொழுந்தனிடம் கையை நீட்டினாள். "தாளக் குடுங்க."

"அண்ணி, யோசிச்சு..."

'முதலாளி' என்று போட்டிருந்த இடத்தில், நின்ற வாக்கிலேயே சுவரில் வைத்துக் கையெழுத்திட்டாள். எழுத்து கோணிப்போயிற்று.

"இவளுக்கு முதல்ல மரியாதையாப் பேசக் கத்துக் குடுங்க," என்றார் கொழுந்தன் வெறுப்பாக.

"யாரும் ஒண்ணும் கத்துக் குடுக்க வேணாம்."

மிளகு உள்ளே வந்து, தொட்டியில் ஒட்டியிருந்த காய்த் துண்டுகளை வழித்தெடுக்க ஆரம்பித்தாள். கையெழுத்துப் போட்டவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.