மினாவின் நாற்காலி ஆறவில்லை

மினா ஃப்ளெட்டை அடக்கம் செய்து பதினோரு நாளாகியும் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி ஆறவில்லை. அவள் இறந்தது நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலைத் தேநீருக்கும் பதினோரு மணிச் செய்திக்கும் நடுவே. வாடைக்காற்று பிடரியில் படாதபடி வைக்கோலால் முதுகை உயர்த்திப் பின்னிய, ஸ்காட்லாந்துக்கு வடக்கே எங்கள் ஆர்க்னித் தீவுகளில் வீட்டுக்கு ஒன்றாவது கிடக்கும் சாதாரண நாற்காலிதான் அது. அடக்கத்தன்று கல்லறையிலிருந்து திரும்பி வந்த அவள் புருஷன் மான்ஸி, அதன் இருக்கை மெத்தையை எடுத்து உள்ளே வைக்கலாம் என்று கை வைத்தான். கெட்டிலை எடுக்க இப்போதுதான் எழுந்து போனவள் விட்டுப்போன மாதிரி சூடு இருந்தது. பூனை படுத்திருக்கும் என்று நினைத்தான். அவர்களிடம் பூனை கிடையாது. சாயங்காலத்துக்குள் சூடு முன்னறை முழுக்கப் பரவி, நடைவழியைத் தாண்டிச் சமையலறை ஜன்னல் ஈரத்தையும் உலர்த்திவிட்டது. வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் அணைந்தே கிடந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்ததை நடந்தபடிதான் சொல்ல வேண்டும்: மான்ஸி முதலில் செய்த காரியம், டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் மீட்டரைப் பார்த்தது. சக்கரம் அசையாமல் நின்றது.

அவனைக் குற்றம் சொல்லியும் பிரயோசனமில்லை. முப்பத்தொரு வருஷம் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவன். படகேறித் தீவு தீவாகப் போய், எந்த வீட்டில் எத்தனை யூனிட் என்று எழுதி வந்தவன். பட்டப்பகலில் கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடக்கும் கிழங்களை அவன் பார்த்த அளவுக்கு டாக்டர்கூடப் பார்த்திருக்க மாட்டார். கரண்ட் பில் கட்ட முடியாமல் போவதைவிடப் பெரிய பயம் அவன் வாழ்க்கையில் இருந்ததில்லை. மலைமேல் காற்றாலைகள் இராப்பகலாகச் சுற்றுகின்றன. எங்களுக்கு வேண்டியதற்கு மேலேயே கரண்ட் செய்கின்றன. அதன் அடியிலேயே குடியிருந்துகொண்டு, ஹீட்டர் போட யோசித்து நடுங்குகிற ஜனம் நாங்கள். இதற்குக் காரணம் கேட்டால் பெரிய பெரிய ஆட்கள் வந்து படம் போட்டு விளக்குவார்கள்; விளக்கிவிட்டுப் போன பிறகும் குளிரும்.

மான்ஸியின் வீடு ஸ்ட்ராம்னஸ் ஊரின் மேட்டுத்தெருவில் இரண்டறை வீடு. சமையலறை மூலையில் மின் கொதிகலன், சுவரோரமாக அதன் வெந்நீர் ஓடும் ஐந்து ரேடியேட்டர்கள், முன்னறையில் எத்தனை டிகிரி வேண்டும் என்று குமிழைத் திருப்பி வைக்கும் ஒரு தெர்மோஸ்டாட். ஓய்வு பெற்ற வருஷம் படுக்கையறை ரேடியேட்டரை மூடினான். அடுத்த வருஷம் நடைவழி, அதற்கடுத்த வருஷம் குளியலறை. மினா எதற்கும் வாய் திறக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "முன்னறை மட்டும் இருபத்தொண்ணு டிகிரியில இருக்கட்டும் மான்ஸி. அதுக்கு மேல ஒரு புள்ளி வேண்டாம்." அவனும் சரியென்றான். கரண்ட் விலை இரட்டித்த குளிர்காலத்தில், மினா தேவாலயத்துப் பழம்பொருள் விற்பனைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, அவன் திருப்புளியால் தெர்மோஸ்டாட்டின் குமிழைக் கழற்றி, ஐந்து புள்ளி தள்ளித் திருப்பி மாட்டினான். மீட்டர்க்காரனுக்கு அது இரண்டு நிமிஷ வேலை. அன்று முதல் குமிழ் இருபத்தொன்றைக் காட்டியது, வீடு பதினாறில் நின்றது. சுவரில் தொங்கிய பழைய வெப்பமானியைக் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லித் தூக்கிப் போட்டான். வசந்தம் வரும்வரைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வசந்தம் வந்தது, பில் குறைந்து வந்தது, குமிழ் அப்படியே இருந்துவிட்டது. ஐந்து வசந்தங்கள் இப்படிப் போயின.

மினா காலையில் எழுந்ததும் குமிழைப் பார்ப்பாள். இருபத்தொன்று. உட்காருவாள், நடுங்குவாள், எழுந்துபோய் மறுபடியும் பார்ப்பாள். வந்து போகிறவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் யார் வீட்டிலும் யாரும் கோட்டைக் கழற்றவில்லை. கடைசியில் அவள் டாக்டரிடம் போனாள். மூன்று தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிபடாமல், டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வருஷம் விடாமல் சாப்பிட்டாள். ஒருநாள் பின்னலை மடியில் வைத்துவிட்டு, பெரிய தப்பு செய்தவள் போல அவனைப் பார்த்துச் சொன்னாள்: "மன்னிச்சிரு மான்ஸி. வீடு நல்லா சூடாத்தான் இருக்கு. என் ரத்தம்தான் செத்துப்போச்சு. உன்னைப் போட்டுப் படுத்துறேன்." அப்போதாவது அவன் சொல்லியிருக்கலாம். இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய்த் தொட்டியில் வெறுமனே தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றான். பிறகு நவம்பர் வந்தது. இருதயம் என்றார் டாக்டர். குளிருக்கு இதில் பங்கு உண்டா என்று மான்ஸி கேட்கவில்லை.

மான்ஸிக்கு அடுத்து ஆறாத நாற்காலியைக் கண்டது பக்கத்து வீட்டு டேவினா. எங்கள் வழக்கப்படி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவள், கோட்டைக் கழற்றினாள், பிறகு ஸ்வெட்டரைக் கழற்றினாள், பிறகு நாற்காலிமேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, "மினா போகலையா இன்னும்" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கெட்டிலைப் போட்டாள். கிறிஸ்துமஸுக்குள் தெரு முழுக்க அங்கேதான் இருந்தது. ஆளாளுக்குப் பின்னல், சீட்டுக்கட்டு, பார்லி ரொட்டி, வீட்டில் செய்த சீஸ் என்று கொண்டுவந்து நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். போதகர் வந்து ஒரு மணி நேரம் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டு, வேதத்துக்கு விரோதமாக எதுவும் சொல்லாமல் எழுந்து போனார். இன்றைக்கு மினா நல்ல உற்சாகத்தில் இருக்கிறாள் என்று ஜனங்கள் மழை வெயில் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டார்கள். வீடு சரியாக இருபத்தொன்றில் இருந்தது. கொதிகலன் ஒரு யூனிட்கூடக் குடிக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, மான்ஸி அந்த மாதங்களில் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தான்.

பிப்ரவரியில் சமையலறைக் கண்ணாடியில் உறைபனி பூத்தது. பிறகு நடைவழி குளிர்ந்தது. பிறகு முன்னறையின் மூலைகள். ஜனங்கள் மறுபடியும் கோட்டோடு உட்கார ஆரம்பித்தார்கள், பிறகு வரத்து குறைந்தது. மார்ச்சில் சூடு நாற்காலியிலும் அதைச் சுற்றி ஒரு கைநீளத்திலும்தான் மிச்சம் இருந்தது. ஒரு காலை, தட்டு துடைத்துக்கொண்டிருக்கும்போது மான்ஸிக்கு விளங்கியது. இது எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிற சூடு இல்லை. சேர்த்து வைத்த சூடு. அவள் விட்டுப்போனது அவ்வளவுதான். குளிர்ந்த இடம் எங்கே இருக்கிறதோ அங்கே அது ஓடும், ஓடி ஓடித் தீரும். உயிரோடு இருந்தபோது அவளைக் குளிரில் வைத்துப் பில்லை மிச்சம் பிடித்தவன், செத்த பிறகு நாலு மாதம் அவளையே எரித்துப் பில்லை மிச்சம் பிடித்திருக்கிறான். துடைத்த தட்டைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து, அடக்கத்தன்று அழாத அழுகையெல்லாம் அழுதான்.

அழுது முடித்து எழுந்து திருப்புளியைத் தேடி எடுத்தான். குமிழைக் கழற்றி நேராக மாட்டினான். ஐந்து ரேடியேட்டர்களையும் திறந்தான். வீடு நாற்காலியின் அளவுக்கே சூடாக இருந்தால் அவள் சூடு எங்கும் ஓடாது, அவ்வளவுதான் கணக்கு. காலை, மாலை, மலிவு நேரம், விலையேறிய நேரம் என்று பார்க்காமல் கொதிகலன் ஓடியது. மீட்டர்ச் சக்கரம் அவன் பிறந்ததிலிருந்து பார்த்திராத வேகத்தில் சுற்றியது. ஓய்வு நேரத்தில் நண்டு பிடிக்க வைத்திருந்த கூண்டுகளையும் சிறு படகையும் விற்றான். அடுத்த வருஷம் கைக்கடிகாரத்தை விற்றான். டேவினா ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டாள். "ஏப்பா, உசுரோட இருந்தவளுக்கு எரிக்காத கரண்ட்டை நாற்காலிக்கு எரிக்கிறியே." அவளுக்குக் குமிழ் விஷயம் தெரியாது, கஞ்சனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் கேட்டாள். மான்ஸி எழுந்துபோய்க் குமிழ் இருபத்தொன்றில்தானா என்று பார்த்துவிட்டு வந்தான். ஆனால் நாற்காலி அதற்குமேல் ஆறவில்லை. இப்படியே இரண்டு குளிர்காலம் கடந்தது.

மூன்றாவது டிசம்பரில் புயல் அடித்து மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. தெருவில் எல்லோரும் ஜெனரேட்டர் ஓடுகிற ஊர்ப்பொது மண்டபத்துக்குப் போனார்கள். டேவினா வந்து கையைப் பிடித்து இழுத்தும் மான்ஸி அசையவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று யோசித்தான்தான். வாசலைத் திறந்து அந்தக் காற்றில் பத்தடி வைத்தாலே அவளிடம் ஒன்றும் மிஞ்சாது. வீட்டில் இருந்த கம்பளி அத்தனையையும் நாற்காலிக்குச் சுற்றினான், தன் கோட்டு உட்பட. இரண்டாம் நாள் மத்தியானம், மூன்றரை மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தபோது, கம்பளிக்குள் கையை விட்டான். இளஞ்சூடாகத்தான் இருந்தது. நாற்காலியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"மினா, குமிழைத் திருப்பி வச்சது நான்தான்" என்றான். "நீ இருபத்தொண்ணுன்னு பாத்தது பதினாறு. அஞ்சு வருஷமா. உன் ரத்தத்துக்கு ஒண்ணும் ஆகல, மினா. நீ நல்லாத்தான் இருந்தே. வீடுதான் குளுந்து கெடந்துச்சு."

நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை, அது நாற்காலி. வெளியே காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மான்ஸி எழுந்து கம்பளிகளை விலக்கினான், ஸ்வெட்டரைக் கழற்றினான், சட்டையைக் கழற்றினான். அவள் போன பிறகு யாரையும் உட்கார விடாத அந்த நாற்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்து, வெறும் முதுகை வைக்கோலோடு ஒட்டிக்கொண்டு, கம்பளிகளை இருவருக்கும் சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டான். தன்னிடம் இருந்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக முதுகு வழியாக இறங்குவது அவனுக்குத் தெரிந்தது. அவன் தடுக்கவில்லை. எடுத்துக்கோ, எடுத்துக்கோ என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

நாலாம் நாள் காலை டேவினா சூப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் கன்னத்தைத் தொட்டதும், மீன் கடை ஐஸ் பலகையில் கை வைத்தவள் போல வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். கூப்பாடு போடப் போனவளைப் பார்த்து மான்ஸி கண்ணைத் திறந்து, கரண்ட் வந்துவிட்டதா என்று கேட்டான். எழுப்பி நிறுத்தியபோது இருக்கை, அடுப்பிலிருந்து எடுத்த தட்டு போலச் சுட்டது. டாக்டர் வந்து மூன்று வெப்பமானிகளை மாற்றி மாற்றி அவன் நாக்கடியில் வைத்தார். மூன்றிலும் கோடு எழும்பவில்லை. நாடி ஒழுங்காக ஓடியது. எழுதிக்கொள்ள வேண்டியதை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அன்றைக்கு ஊரில் வேறு நோயாளிகளும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு மான்ஸி இன்றுவரை அப்படியேதான் இருக்கிறான். சாப்பிடுகிறான், துறைக்கு நடந்து போகிறான், படகு வருவதை வேடிக்கை பார்க்கிறான். தோளில் விழுந்த பனி வீட்டுக்குள் வந்தும் உருகுவதில்லை, பிரஷ்ஷால் தட்டிவிட்டுக்கொள்கிறான். அவன் கையில் கொடுத்த தேநீர் உதட்டுக்குப் போவதற்குள் ஆடை கட்டிவிடும். கொதிகலனை இருபத்தொன்றில் வைத்து, பென்ஷன் வந்ததும் முதல் வேலையாகப் பில்லைக் கட்டிவிடுகிறான். அவனுக்கென்று சூடு வேண்டியதே இல்லை. எங்களுக்கும் பழகிவிட்டது, கை குலுக்கும்போது மட்டும் கையுறை போட்டுக்கொள்வோம்.

ஒரே ஒரு சங்கடம்தான். அவன் கைகளுக்கு எதுவும் சூடாகத் தெரிவதில்லை. காலையில் எழுந்ததும் இருக்கைமேல் உள்ளங்கையை வைத்து நெடுநேரம் நிற்பான். அவள் இருக்கிறாளா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது. அதனால் வாசலில் யார் தலை தெரிந்தாலும் உள்ளே கூப்பிடுவான். "கொஞ்சம் தொட்டுப் பாத்துச் சொல்லேன்" என்பான். டேவினா தொட்டுப் பார்த்து, நல்ல சூடாக இருக்கிறது என்பாள். அவள் சொல்வது உண்மைதான், நாற்காலி இன்றுவரை ஆறவில்லை. மான்ஸி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பான். தலையாட்டி, நன்றி சொல்லி, தேநீர் ஊற்றிக் கொடுப்பான். பிறகு அவள் போகும்வரை காத்திருந்து, தபால்காரரைக் கூப்பிட்டுக் கேட்பான்.