வெண்டலின் வலது ஃப்ளேர்

1

"வண்டி பெருசாத் தெரியணும்னுதானேப்பா பெரிய டயர் போட்டே? அப்புறம் எதுக்கு வண்டியை வெட்டறே?"

கேட்டவள் டெஸ்ஸா, ஆறு வயது. கேட்கப்பட்டவர் அவள் அப்பா, எதிர்வீட்டு வெண்டல். "அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா" என்றார். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த எனக்கும் புரியவில்லை. இந்தக் கதையை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

2

முதல் தொடக்கம்: கொலராடோவின் செம்பாறைகள் மாலை வெயிலில் தகதகக்க, தனியொரு மனிதன் தன் ஜீப்பை மலையுச்சியில்...

வேண்டாம். வெண்டலின் ஜீப் இதுவரை ஏறிய ஒரே மலை, பேரங்காடி வாசலில் இருக்கும் வேகத்தடை.

இரண்டாவது தொடக்கம், உள்ளது உள்ளபடி: புது டயர், ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் ஃப்ளேரில் உரசியது. [சக்கரத்துக்கு மேல் புருவம்போல் வளைந்திருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்குக்கு அந்தப் பெயர்.] அதன் முன்நுனியைக் கொஞ்சம் வெட்ட வேண்டும். சனிக்கிழமை ஜீப் கிளப் மலைப்பாதைக்குப் போகிறது. உரசுகிற வண்டியைச் சேர்க்கமாட்டோம் என்று தலைவர் ப்ராக் சொல்லிவிட்டார். டெஸ்ஸா கோடைக்கு மட்டும் அப்பாவிடம் வருபவள். ஞாயிறன்று அம்மாவிடம் திரும்பிப் போகிறாள். விவாகரத்துக்குப் பிறகு வெண்டல் அவளுக்குக் கொடுத்த வாக்குகளில் பாதி காற்றோடு போயின. இந்த மலைப் பயணமும் அப்படி ஒரு வாக்குதான்.

3

கிளப்காரர்கள் நால்வர் மடக்கு நாற்காலிகளோடு உதவ வந்தார்கள். அதாவது, உட்கார வந்தார்கள்.

"அளவு பாத்தியாப்பா?" என்றார் ப்ராக்.

"பாத்தாச்சு."

"ரெண்டு தடவை?"

"நீங்க நாலு பேரு பாக்கறீங்களே, எட்டுத் தடவை ஆச்சு."

வெண்டல் சோள அவல் டப்பாவின் அட்டையில் அச்சு வெட்டி, இடது ஃப்ளேரில் வைத்துக் கோடு போட்டு அறுத்தார். கச்சிதம். கைதட்டினார்கள். அதே அட்டையைத் திருப்பிப் போடாமல் அப்படியே வலது ஃப்ளேரில் வைத்தார். எட்டுக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. முன்நுனி முழுசாக நிற்க, பின்நுனி கீழே விழுந்தது.

"புது ஸ்டைல்னு சொல்லிரலாம்" என்றார் ப்ராக்.

"எனக்கு அப்பவே தோணிச்சு" என்றார் இன்னொருவர்.

"தோணினா சொல்ல வேண்டியதுதானேடா!" என்று கத்தினார் வெண்டல்.

"நீ அவ்ளோ நம்பிக்கையா வெட்டினே. மனசு வரலே."

நாற்காலிகள் மடங்கின. ஜீப்காரர்கள் அன்பின் அடையாளமாக ஒருவர் வண்டியில் ஒருவர் ரப்பர் வாத்து வைப்பது வழக்கம். ப்ராக்கும் ஆறுதலாக ஒரு மஞ்சள் வாத்தை வைத்துவிட்டுப் போனார். இரண்டு நுனியும் போனால் ஃப்ளேர் நிற்காது; புதுசு வர அடுத்த வாரம் ஆகும் என்றது கடை.

4

இங்கே வெண்டலின் பக்கத்து வீட்டு லோர்னா வர வேண்டும். தயங்குகிறேன். நல்லவர்களை எழுதினால் வாசகர்களுக்குக் கொட்டாவி வருகிறது. ஆகவே அவருடைய குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன்: தன் மரத்து ஆப்பிள் அழுகலை வேலிக்கு அந்தப்புறம் எறிவார். வாய் சும்மா இருக்காது.

"ஏம்ப்பா வெண்டல், புருவம் திருத்தணும்னா பியூட்டி பார்லருக்குப் போயிருக்கலாமே!"

"உங்க ஓட்டை வண்டியைப் பாத்துக்குங்க, லோர்னா."

"ஓட்டைதான். ஆனா அது மலையைப் பாத்திருக்கு."

அவருடையதும் அதே மாதிரி ஜீப்தான், பழசு. ஃப்ளேர்கள் எப்போதோ வெட்டப்பட்டு, வெயிலில் சாம்பல் பூத்தவை.

வெள்ளிக்கிழமை வெண்டலும் மகளும் பீட்சா சாப்பிட்டுத் திரும்பியபோது, அவர்கள் வண்டிக்கொட்டகைக் கதவில் சாம்பல் நிற வலது ஃப்ளேர் ஒன்று சாய்ந்திருந்தது. பக்கத்தில் ஜாம் பாட்டிலில் திருகாணிகள். லோர்னாவின் ஜீப்பில் வலது முன்சக்கரம் மொட்டையாக நின்றது. கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவைப்படவில்லை.

[இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். கதைக்குத் தேவையில்லாத வரி, இருக்கட்டும்.]

சனிக்கிழமை வெண்டல் கிளப்போடு போனார். "என்னப்பா, ஒரு புருவம் நரைச்சிருச்சு?" என்றாராம் ப்ராக். மலை மேலேறும் வரை டெஸ்ஸா கத்திய கத்தலில் அதற்குப் பதில் யாருக்கும் கேட்கவில்லையாம். தெருவில் வீடு வீடாக ஏறிச் சொன்னாள்.

5

முடிவுக்குச் சில யோசனைகள்.

ஒன்று: வெண்டல் ஆப்பிள் கேக்கோடு போய்க் கண்ணீர் மல்க... லோர்னா கதவைச் சாத்தியிருப்பார்.

இன்னொன்று: கிளப்காரர்கள் மனம் திருந்தி... அதற்கு நான் இன்னும் நிறைய ஜெபிக்க வேண்டும்.

அல்லது: வெண்டல் மறந்தே போனார். இதுவும் உலகத்தில் நடக்கிறதுதான்.

உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவே: புது ஃப்ளேர் வந்தது. அடுத்த ஞாயிறு லோர்னா உட்படத் தெருவே தேவாலயத்தில் இருந்தது. வெண்டலின் இடம் காலி. திரும்பி வந்தபோது லோர்னாவின் ஜீப்பில் வலது ஃப்ளேர் கன்னங்கரேலென்று பளபளத்தது, சரியான நுனியில் வெட்டப்பட்டு. சாம்பல் ஃப்ளேர் வெண்டலின் வண்டியிலேயே இருந்தது. லோர்னா ஒரு நிமிடம் நின்று பார்த்தார். சட்டைக் கையால் அதை ஒரு தடவை துடைத்துவிட்டு உள்ளே போனார்.

இடைப்பட்ட அந்த ஞாயிற்றுக் காலையை நான் புனைந்து எழுதலாம். அட்டையைத் திருப்பிப் போட்டாரா, இரண்டு தடவை அளவு பார்த்தாரா என்றெல்லாம். ஆனால் ஊர் முழுக்க ஜெபத்தில் கண் மூடியிருக்கும் நேரமாகப் பார்த்து அவர் செய்த காரியம் அது. நான் எட்டிப் பார்ப்பதாக இல்லை.

நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். அவர் திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருக்கிறார்.